அணியப்படாத ஆடைகள்: இங்கிலாந்தில் ஆடைக் காப்பாட்சியர் பணி வளர்ந்த வரலாறு

ஓவியம், சிற்பம், நாணயம், படைக்கலம், மட்பாண்டம் ஆகியவற்றைத் திரட்டிக் காக்கும் அருங்காட்சியகங்கள் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டன. ஆனால் மனிதர் உடுத்திக் கழித்த ஆடையை அதே மதிப்போடு பதிவேட்டில் ஏற்றி, அதைக் காக்கவும் ஆராயவும் தனியே ஒருவரை அமர்த்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் இங்கிலாந்தில் ஏறத்தாழ இல்லை எனலாம். அருங்காட்சியகத்தில் ஒரு தொகுப்பின் பொறுப்பை ஏற்று, அதில் எது சேர வேண்டும் என்று முடிவு செய்து, சேர்ந்ததை ஆராய்ந்து, அட்டவணைப்படுத்தி, கெடாமல் காத்து, பொதுமக்கள் முன் வைப்பவரே காப்பாட்சியர். இப்பணியின் பிற கிளைகளுக்கு நூற்றாண்டுகளின் மரபு உண்டு. ஆடைக் காப்பாட்சியருக்கோ அத்தகைய மரபு கைக்கு எட்டவில்லை. தங்கள் தொழிலின் கருவிகளையும் கேள்விகளையும் நெறிகளையும் அவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், அவர்களில் பலர் அருங்காட்சியகத் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதும் தற்செயல் அல்ல: ஆடை பெண்களின் பொழுதுபோக்குப் பொருள், வரலாற்றுக்கு உரிய பொருள் அன்று என்ற எண்ணம் அன்றைய அறிஞர் உலகில் ஊறிக் கிடந்ததே அதற்குக் காரணம்.

ஆடையை எடுத்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. அதன் தொடக்கம் அரசர்களின் படைக்கலச் சாலைகளில் இருக்கிறது. சுவீடன் அரசர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் 1627-ஆம் ஆண்டுப் போரில் காயமுற்றபோது உடுத்தியிருந்த, குருதிக்கறை படிந்த ஆடைகளை என்றும் நினைவாகக் காக்க வேண்டும் என 1628-இல் ஆணையிட்டார். ஸ்டாக்ஹோமில் இன்றும் இயங்கும் அரச படைக்கல அருங்காட்சியகம் அந்த ஆணையையே தன் பிறப்பாகக் கொள்கிறது. அவ்வரசர் 1632-இல் லூட்சன் போர்க்களத்தில் இறந்தபோது அணிந்திருந்த தடித்த தோல்சட்டையைப் பகைவர் வெற்றிச் சின்னமாக வியன்னாவுக்கு எடுத்துச் சென்றனர். முதல் உலகப் போருக்குப் பின் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் அளித்த உதவிக்கு நன்றியாக 1920-இல் ஆஸ்திரியா அதைத் திருப்பி அளித்தது. முன் போரில் கழுத்தருகே தங்கிவிட்ட குண்டினால் இரும்புக் கவசம் அணிய இயலாமற்போன அரசர் அன்று தோல்சட்டையோடு மட்டுமே களம் புகுந்தார் என்பதை அந்தச் சட்டையே இன்றும் காட்டி நிற்கிறது. எனினும் இவ்வாறு காக்கப்பட்டவை அரசர் உடல் தொட்ட நினைவுப்பொருள்களாகவே மதிக்கப்பட்டன. எப்படித் தைக்கப்பட்டன, எந்தத் துணி, யார் உழைப்பு என்ற கேள்விகளை அக்காலத்தில் எவரும் எழுப்பவில்லை.

லண்டனில் 1852-இல் தொடங்கப்பட்டு, 1857-இல் சவுத் கென்சிங்டனுக்கு இடம்பெயர்ந்து, 1899-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்ற நிறுவனம் துணிகளை ஏராளமாகத் திரட்டியது. ஆனால் அதன் நோக்கம் வேறு. பிரிட்டனின் ஆலைகளுக்கும் வடிவமைப்பு மாணவர்களுக்கும் நல்ல கோலங்களைக் காட்டி, நாட்டின் உற்பத்திப் பொருள்களின் தரத்தை உயர்த்துவதற்காக எழுந்த அருங்காட்சியகம் அது. ஆகவே அங்கு நெசவும் பூவேலையும் மதிக்கப்பட்டன. அவற்றைத் தாங்கிய அங்கி மதிக்கப்படவில்லை. கோலத்தைக் காட்டும் ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்ற மனநிலையே அக்காலத் துணிச் சேகரிப்பில் மேலோங்கியிருந்தது. முழு ஆடை ஒன்று வெட்டப்பட்டுத் துண்டாகும்போது தோள் எங்கே பொருந்தியது, இடுப்பு எவ்வளவு உயரத்தில் நின்றது, பணம் வைக்கும் பை எங்கே மறைந்திருந்தது என்ற செய்திகளெல்லாம் அழிந்துபோகின்றன. சேகரிக்கும் செயலே அழிக்கும் செயலாகவும் ஆன கொடுமை அது.

மாற்றம் ஓவியர் ஒருவர் வழியே வந்தது. பழங்காலக் காட்சிகளை வரைந்து விற்ற டால்பட் ஹியூஸ், தம் ஓவியங்களுக்கு மாதிரியாகப் பதினாறு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான ஆடைகளையும் காலணி, விசிறி, கையுறை போன்ற துணைப்பொருள்களையும் பெருந்தொகையாகச் சேர்த்திருந்தார். அத்தொகுப்பை லண்டனின் ஹாரட்ஸ் அங்காடி விலைக்கு வாங்கி, தன் கடையில் காட்சிக்கு வைத்தபின், 1913-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தது. வடிவமைப்புக்கென எழுந்த மாளிகைக்குள் நாகரிக ஆடைகள் பெருமளவில் நுழைந்தது இவ்வாறே, ஒரு கடையின் கொடையாகத்தான். இதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட லண்டன் அருங்காட்சியகமும் நகர மக்களின் ஆடைகளை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இத்தொகுப்புகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஆடை என்பது பல பொறுப்புகளில் ஒன்று; ஆடை வரலாற்றைப் பற்றிப் புகழ்பெற்ற நூல்களை எழுதிய ஜேம்ஸ் லேவர்கூட விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வகித்தது அச்சோவியப் பிரிவின் பொறுப்பையே. படங்களைக் கொண்டு ஆடைகளுக்குக் காலம் குறிக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். படத்தைத் தாண்டி ஆடைக்குள்ளேயே சான்று தேடும் முறை பின்னரே வந்தது.

ஓவியர்கள் வழியாக வந்த ஆடைகளுக்கு ஒரு தீராக் குறை உண்டு. கலைக்கூடத்தில் மாதிரிப் பெண்ணுக்குப் பொருந்தும்படி அவை பிரிக்கப்பட்டு மீண்டும் தைக்கப்பட்டன. இழந்த சரிகைக்குப் பதில் வேறு சரிகை ஏறியது. மாறுவேட விருந்துகளுக்கு இரவல் போய்த் திரும்பின. எது ஆடை பிறந்தபோதே இருந்த தையல், எது அதன் முதல் உரிமையாளர் செய்த மாற்றம், எது ஓவியரின் கைவேலை என்று பிரித்தறியும் கடமை பின்வந்த காப்பாட்சியர் தலைமேல் விழுந்தது. அவர்களுடைய கூர்மை பெரும்பாலும் இந்தக் கடமையிலேயே தீட்டப்பட்டது.

ஆடைக்கென்றே தனி அருங்காட்சியகம் மான்செஸ்டர் நகரில் எழுந்தது. பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம் அதற்குப் பொருத்தமான இடமே. வில்லெட் கன்னிங்டன் என்ற மருத்துவரும் அவர் மனைவி ஃபிலிஸும் தம் இல்லத்தில் குவித்திருந்த பெருந்தொகுப்பை அந்நகர மன்றம் பொதுமக்கள் நிதியின் துணையோடு வாங்கி, பிளாட் ஹால் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில் 1947-இல் காட்சிக்குத் திறந்தது. கன்னிங்டன் 1937-இல் வெளியிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் ஆடை பற்றிய நூல் ஆண்டுவாரியாக ஆடைகளை அடுக்கிக் காட்டிய அரிய முயற்சி. ஆனால் பெண் மனத்தின் இயல்பை ஆடையிலிருந்து படித்துவிடலாம் என்ற அவருடைய கொள்கை இன்று நிற்கவில்லை. அவர் விட்டுச் சென்றவற்றில் காலம் தாண்டி நிற்பது அந்தக் கொள்கை அன்று, அந்தத் தொகுப்பே.

அத்தொகுப்பின் முதல் காப்பாட்சியராக அமர்ந்து 1972 வரை அப்பணியில் இருந்த ஆன் பக், இத்தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் தலையாயவர். அதற்குமுன் லூட்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், வைக்கோல் தொப்பி முடைவோரும் சரிகை பின்னுவோரும் வாழ்ந்த வட்டாரத்தின் உழைப்பாளர் வாழ்வை அறிந்தவர். அதனால் சீமாட்டிகளின் விருந்தாடையோடு நின்றுவிடாமல், உழவர் அணிந்த தளர்ந்த மேற்சட்டை, வீட்டு வேலைப் பெண்ணின் பருத்தி அங்கி, குழந்தைகளின் உள்ளாடை ஆகியவற்றையும் ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கருதினார். அருங்காட்சியகங்களின் சங்கம் காப்பாட்சியர்களுக்கென வெளியிட்ட கையேட்டு வரிசையில் ஆடை பற்றிய பகுதியை 1958-இல் எழுதியவர் அவரே. ஆடையை எப்படித் தூக்குவது, எப்படி மடிப்பது, எப்படி அட்டவணைப்படுத்துவது என்று நடைமுறையாகப் பேசும் அத்தகைய நூல் ஒரு கைவினையைத் தொழில் ஆக்குகிறது. ஒருவர் விரல்களில் மட்டும் இருந்த அறிவு எங்கோ ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தின் இளம் உதவியாளருக்கும் கிட்டிவிடுகிறது.

ஆன் பக் தலைமுறையினர் வலியுறுத்திய நெறிகளுள் முதன்மையானது, ஆடையோடு அதன் செய்தியும் வந்து சேர வேண்டும் என்பதாகும். ஒரு குடும்பம் பழைய ஆடையைக் கொடையாகக் கொண்டுவரும்போது, யார் அணிந்தார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்நிகழ்வுக்காக, வீட்டில் தைக்கப்பட்டதா கடையில் வாங்கப்பட்டதா, பின்னர் யாருக்குக் கைமாறியது ஆகிய விவரங்களைக் கேட்டுச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, பதிவெண்ணைப் பருத்தி நாடாவில் குறித்து, ஆடைக்கு ஊறு நேராத இடத்தில் சில இழைகளால் மட்டும் பிணைத்து வைப்பது காப்பாட்சியரின் முதல் கடமை. மிக அழகிய ஆடையும் செய்தி இழந்து வந்தால் ஊமையாகிறது. சாயம் போன வேலைச்சட்டையும் உரியவர் பெயரோடு வந்தால் ஒரு வாழ்வின் ஆவணமாகிறது.

இதே காலத்தில் முற்றிலும் வேறு இயல்புடைய ஒருவரும் இத்துறையை வளர்த்தார். கவிஞர் பைரனைப் பற்றி ஆழ்ந்த ஆராய்ச்சி நூல்களை எழுதியவரும், 1951-இல் வெளிவந்த தி ஆப்பிரிக்கன் குயின் திரைப்படத்தில் கேத்தரின் ஹெப்பர்னுக்கு ஆடை வடிவமைத்தவருமான டோரிஸ் லாங்லி மூர், தம் கைப்பொருளால் சேர்த்த தொகுப்பை 1955-இல் எரிட்ஜ் கோட்டையில் காட்சிக்கு வைத்தார். பின்னர் அது பிரைட்டன் சென்று, இறுதியில் 1963-இல் பாத் நகரின் அசெம்பிளி ரூம்ஸ் மண்டபத்தில் நிலைபெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் நடனத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் செல்வர் கூடிய அந்த மண்டபம் 1942-இன் குண்டுவீச்சில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. லாங்லி மூர் அந்த அருங்காட்சியகத்தில் தொடங்கிய ஒரு வழக்கம் தனிப் பாராட்டுக்கு உரியது: ஒவ்வோர் ஆண்டும் நாகரிக உலகை அறிந்தவர்களிடம் அவ்வாண்டின் போக்கைக் காட்டும் ஆடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அதைத் தொகுப்பில் சேர்த்தார், 1963-இல் முதலில் தேர்வானது மேரி குவான்ட் வடிவமைத்த சாம்பல் நிறக் கம்பளி ஆடை. பழையதாகும் வரை காத்திருந்து எஞ்சியதைப் பொறுக்குவதைவிடப் புதிதாக இருக்கும்போதே செய்தியோடு வாங்கி வைப்பது மேல் என்ற அவருடைய முடிவு தொலைநோக்கானது.

பொதுமக்களிடையே பரவியிருந்த கட்டுக்கதைகளை ஆடைகளைக் கொண்டே உடைத்தவரும் அவர்தான். விக்டோரியா காலத்துப் பெண்கள் இறுக்கும் கச்சணிந்து, இரு கைகளுக்குள் அடங்கும் இடையோடு உலவினார்கள் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, எஞ்சியுள்ள ஆடைகளின் இடுப்பளவை ஒவ்வொன்றாக அளந்து, கதைகளில் வரும் அளவுகள் மெய்யான ஆடைகளில் காணக் கிடைக்கவில்லை என்று காட்டினார். நாவலும் நாட்குறிப்பும் மிகைப்படுத்தலாம். தைத்த துணி மிகைப்படுத்தாது. ஆடை ஒரு வரலாற்றுச் சான்று என்பதற்கு இதைவிட எளிய நிறுவல் வேண்டியதில்லை.

ஆனால் அதே லாங்லி மூர் 1949-இல் வெளியிட்ட நூலுக்காகத் தம் தொகுப்பின் பழைய ஆடைகளை உயிருள்ள பெண்களுக்கு அணிவித்துப் படமெடுத்தார். நடனமணி மார்கோ ஃபான்டெய்ன் அவர்களுள் ஒருவர். ஆடை என்பது அசையும் உடலுக்காகத் தைக்கப்பட்டது, அதை உடலின்மேல் கண்டால்தான் அதன் வடிவம் விளங்கும் என்பது அக்காலத்தார் வாதம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் ஒரு நூற்றாண்டு கடந்த பட்டு, மூச்சிழுக்கும் ஒவ்வொரு முறையும் தையலோரத்தில் கிழிகிறது. வியர்வையின் உப்பும் அமிலமும் சாயத்தையும் இழையையும் அரிக்கின்றன. புதிய உடலின் மடிப்புகள் பழைய உடல் விட்டுச் சென்ற மடிப்புகளை அழிக்கின்றன. இந்தக் கடைசி இழப்புதான் மிகக் கொடியது, ஏனெனில் கிழிசலைத் தைக்கலாம்; அழிந்த தடத்தை மீட்க இயலாது. இந்த அறிவு பரவிய பின்னர், தொகுப்பில் சேர்ந்த ஆடையை எவரும் அணியக் கூடாது என்பது இத்தொழிலின் மாறா நெறியாயிற்று. உலக அருங்காட்சியகங்கள் பேரவையின் கீழ் 1962-இல் அமைந்த ஆடைக் குழு இந்நெறியைத் தொடர்ந்து வலியுறுத்துகிறது. மர்லின் மன்றோ 1962-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் பாடியபோது அணிந்த மணிகள் பதித்த ஆடையை, தனியார் அருங்காட்சியகம் ஒன்றிடமிருந்து பெற்று 2022-இல் கிம் கர்தாஷியன் நியூயார்க் விருந்தொன்றில் அணிந்தபோது, வரலாற்று ஆடைகளை எவரும் அணியலாகாது என்று அக்குழு வெளிப்படையாக அறிக்கை விடுத்தது. புகழ் எவ்வளவு பெரிதாயினும் விலக்குக் கிடையாது என்ற அந்த நிலைப்பாடு முற்றிலும் சரியானது.

அணியாமல் ஆடையின் வடிவத்தை அறிவது எப்படி என்ற கேள்விக்கு விடை தந்தவர் ஜேனட் ஆர்னால்ட். 1932-இல் பிறந்து, ஆசிரியப் பணியிலிருந்து இத்துறைக்கு வந்த அவர், நாடெங்குமுள்ள அருங்காட்சியகங்களின் சேமிப்பறைகளில் அமர்ந்து, ஒரு தையலையும் பிரிக்காமல், நாடாவும் பென்சிலும் கட்டத் தாளும் கொண்டு ஆடைகளை அளந்தார். ஒவ்வொரு துண்டின் வெட்டையும், துணியின் கரை எப்பக்கம் நிற்கிறது என்பதையும், நூலோட்டத்தின் திசையையும், கொசுவத்தின் ஆழத்தையும் குறித்து, உண்மை அளவின் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தார். இவ்வாறு உருவான ஆடை வரைவு நூல்களில் முதலிரண்டும் 1964, 1966-ஆம் ஆண்டுகளிலும், 1560 முதல் 1620 வரையிலான காலத்தைக் காட்டும் மூன்றாவது 1985-லும் வெளிவந்தன. அவ்வரைவுகளைக் கொண்டு நாடக, திரைப்படத் தையலர் புதுத்துணியில் அதே ஆடையைத் தைத்து நடிகருக்கு அணிவிக்கலாம். பழைய ஆடை பெட்டியிலேயே உறங்கலாம். உடலின்மேல் காண வேண்டும் என்ற நியாயமான விருப்பத்தையும், அணியலாகாது என்ற கட்டாயத்தையும் ஒருசேர நிறைவேற்றிய அவருடைய முறை, இத்துறை கண்டவற்றுள் ஆகப் பெரிய முன்னேற்றம் என்று சொல்லத் தகும்.

ஃபிளாரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தாரின் கல்லறைகளிலிருந்து 1947-இல் எடுக்கப்பட்ட ஆடைகள் நீண்ட காலம் கழித்துச் செப்பம் செய்யப்பட்டபோது, 1562-இல் இறந்த டொலேடோவின் எலியனோராவின் சவ ஆடையை ஆர்னால்ட் ஆராய்ந்து வரைந்தார்; மண்ணும் உடற்சிதைவும் தின்றது போக எஞ்சிய பட்டும் பூவேலை நாடாக்களுமே சான்று. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் ஆடைகளோ ஒன்றும் முழுதாக எஞ்சவில்லை. ஆகவே 1600-இல் எழுதப்பட்ட அரச ஆடைப் பட்டியல்களையும் கணக்கேடுகளையும் ஓவியங்களோடு ஒப்பிட்டு, 1988-இல் அவர் வெளியிட்ட பெருநூல், காணாமற்போன ஆடையகம் ஒன்றை எழுத்தில் மீட்டுத் தந்தது. அரசி தம் ஆடைகளைத் தோழியருக்கும் பணிப்பெண்களுக்கும் வழங்கியதும், பெற்றவர்கள் அவற்றை வெட்டி வேறாக்கியதும் அக்கணக்குகளில் தெளிவாகின்றன.

இந்த ஆய்வு விட்ட இடத்திலிருந்து ஒரு கண்டுபிடிப்பு பிறந்தது. ஹியர்ஃபோர்டுஷையரில் பேக்டன் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் பலிபீட விரிப்பு என்ற பெயரில் நெடுங்காலம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய வெள்ளிச் சரிகைத் துணி ஒன்று, எலிசபெத்தின் நெருங்கிய பணிப்பெண்ணாக இருந்த பிளான்ச் பாரியின் சொந்த ஊரைச் சேர்ந்தது. அரச அரண்மனைகளின் ஆடைக் காப்பாட்சியர் எலெரி லின் அதை ஆராய்ந்தபோது, தட்டையான விரிப்பாகத் தெரிந்த துணியில் ஆடைக்குரிய வெட்டும் இணைப்பும் இருப்பதைக் கண்டார். வெள்ளிச் சரிகை நெய்த துணியை அரச குடும்பத்தாரும் மிக உயர்ந்த பிரபுக்களும் மட்டுமே அணியலாம் என்று அக்கால ஆடைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் விதித்திருந்தன. துணியில் நேரடியாகத் தைக்கப்பட்ட ரோஜா, டாஃபடில் போன்ற மலர்களின் வேலைப்பாடோ எலிசபெத்தின் புகழ்பெற்ற ஓவியமொன்றில் காணும் மேலாடையோடு ஒத்திருந்தது. அரசியின் ஆடையிலிருந்து வந்த துணி என அவர் கொண்ட முடிவுக்கு இச்சான்றுகளே துணை. செப்பம் செய்யப்பட்ட அத்துணி 2019-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. நூற்றாண்டுகளாகப் பலர் கண்முன் தொங்கிய துணியை ஆடையாகக் காண, தையலைப் படிக்கத் தெரிந்த ஒரு கண் தேவைப்பட்டது.

தையலைப் படிப்பது என்பது பெரும்பாலும் மாற்றங்களைப் படிப்பதே. பதினெட்டாம் நூற்றாண்டில் துணியின் விலையோடு ஒப்பிட்டால் தையற்கூலி அற்பம். ஆகவே தாயின் பட்டங்கியை மகள் பிரித்துப் புதுப் பாணியில் தைத்துக்கொள்வது செல்வர் வீடுகளிலும் இயல்பு. லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுக்குப் பட்டுக் கோலங்களை வரைந்து தந்த ஆனா மரியா கார்த்வெய்ட்டின் வண்ண வரைவுகள் எண்ணூறுக்கும் மேற்பட்டவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பலவற்றில் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை ஆராய்ந்து நூலாக்கிய காப்பாட்சியர் நேட்டலி ரோத்ஸ்டைனின் உழைப்பால், 1740-களின் பட்டு 1780-களின் பாணியில் தைக்கப்பட்டிருப்பதை இன்று துணிந்து சொல்ல முடிகிறது. பழைய ஊசித்துளைகளின் வரிசை, வெயில் படாத மடிப்புக்குள் மங்காமல் நிற்கும் நிறம், நூல் மாறும் இடம் ஆகிய சின்னஞ்சிறு தடயங்கள் இம்முடிவுகளின் தூண்கள். இவற்றைச் சலவைக்கோ அழகுபடுத்தலுக்கோ இரையாக்காமல் விடுவதே காப்பாட்சியரின் நேர்மை.

இந்தத் தொகுப்புகளில் தமிழர் கைவண்ணமும் கலந்திருக்கிறது. கோரமண்டல் கரையில் எழுதுகோல்கொண்டு வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் போன்ற துறைகளின் வழியே ஐரோப்பா சென்று, அங்கியாகவும் குட்டைச் சட்டையாகவும் உருமாறின. துணியைப் பாலும் கடுக்காயும் கலந்த நீரில் தோய்த்து, சாயத்தை இழையில் பிணைக்கும் படிகாரத்தால் சிவப்பு வர வேண்டிய இடங்களையும் இரும்புக் கரைசலால் கறுப்பு வர வேண்டிய இடங்களையும் வரைந்து, சாயவேரில் கொதிக்கவைத்து, நீலம் ஏற வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் முக்கும் முறை, துவைத்தாலும் போகாத நிறத்தைத் தந்தது. அன்றைய ஐரோப்பாவுக்கு அது கைவராத வித்தை. உள்நாட்டு நெசவாளரின் எதிர்ப்பால் பிரான்சு 1686 முதல் 1759 வரையிலும், இங்கிலாந்து 1700-லும் 1721-லும் இயற்றிய சட்டங்களால் 1774 வரையிலும் இத்துணிகளைத் தடைசெய்தன. தடைக்காலத்துக்குரிய இத்தகைய ஆடை ஒன்று ஆங்கிலத் தொகுப்பில் இருக்கிறது என்றால், சட்டத்தை மீறியும் ஒருவர் அதை விரும்பி அணிந்தார் என்று பொருள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இந்தியப் பிரிவுக் காப்பாட்சியர் ஜான் இர்வின், கனடா நாட்டு அறிஞர் கேத்தரின் பிரெட்டுடன் இணைந்து 1970-இல் வெளியிட்ட நூல் இத்துணிகளின் ஆய்வுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. கையால் வரைந்த கோட்டில் ஒரு பூ மறுபூவோடு அச்சொட்டாக ஒத்திராது என்பதைக் கொண்டு ஐரோப்பிய அச்சுத்துணியிலிருந்து அவற்றைப் பிரித்தறிவர். கறுப்புக் கோடுகளில் மட்டும் துணி பொடிந்து துளை விழுந்திருப்பதும் ஓர் அடையாளமே. இரும்புக் கரைசல் பருத்தியை மெல்லத் தின்கிறது. வரைந்த கைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது அந்தத் துளைகளைவிடப் பெரிய இழப்பு.

ஆடைக்கு அதற்குள்ளேயே பகை இருப்பது பருத்தியோடு நிற்கவில்லை. பட்டு நூலின் மேற்பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறையும். எடைக்கு விற்கும் வணிகர் அவ்விழப்பை ஈடுகட்டப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்புகளை ஏற்றினர். அன்று கனமாகவும் சலசலப்போடும் விழுந்து கண்ணைப் பறித்த அந்தப் பட்டுகள் இன்று தொடாமலே நீளவாக்கில் வெடித்துச் சிதறுகின்றன. அதைத் தடுத்து நிறுத்தும் மருந்து கிடையாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். எனவே காப்பாட்சியரின் அன்றாடம் என்பது தாமதப்படுத்தும் கலை. ஒளி பட்ட நிறம் திரும்பாது என்பதால் காட்சிக்கூடத்தில் வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகாமல் பார்த்து, சில மாதங்கள் காட்டிய ஆடைக்குச் சில ஆண்டுகள் இருளில் ஓய்வு தருவர். கம்பளியையும் பட்டையும் மேயும் துணிப்பூச்சியின் புழுக்களை நச்சு மருந்தின்றிக் கொல்ல, ஐயத்துக்குரிய ஆடையை உறையிலிட்டு உறைகுளிரில் வைத்தெடுப்பர். மணிகள் கோத்த 1920-களின் ஆடையும், துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்த 1930-களின் ஆடையும் தொங்கவிட்டால் தம் எடையாலேயே இழுபட்டு உருக்குலையும் என்பதால், அமிலமற்ற மெல்லிய காகிதத்தை மடிப்புதோறும் சுருட்டி வைத்துப் பெட்டியில் கிடத்துவர்.

காட்சிக்கு வைப்பதோ இன்னும் கடினமான வேலை. கடைகளில் நிற்கும் பொம்மைகளின் உடல் இக்காலத்து உடல். கச்சும் பாவாடை வளையமும் வடித்த பழைய தோளும் மார்பும் இடுப்பும் அதற்கு இல்லை. ஆகவே ஆடையின் உள்ளளவை எடுத்து, அதைவிடச் சிறிய பொம்மையைத் தேர்ந்து, பஞ்சும் நுரைத்தகடும் வலைத்துணியும் கொண்டு அடுக்கடுக்காகப் பொதிந்து, அந்த ஆடையை அணிந்தவரின் உடலை மீண்டும் உருவாக்குகிறார்கள். பொம்மைக்காக ஆடை ஒருபோதும் வளையக் கூடாது என்பது விதி. பார்வையாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று சில நொடிகளில் கடந்து செல்லும் ஓர் ஆடையின் பின்னே பல நாள் உழைப்பு மறைந்திருக்கிறது.

இத்தகைய அறிவு பரம்பரையாக வருவதன்று; கல்விக்கூடம் வேண்டும். ஸ்டெல்லா மேரி நியூட்டன் 1965-இல் லண்டன் கோர்ட்டோல்ட் கலை நிறுவனத்தில் ஆடை வரலாற்றுப் பட்டமேற்படிப்பைத் தொடங்கினார். அதே காலத்தில் அமைந்த ஆடைச் சங்கம் 1967 முதல் ஆய்விதழ் நடத்தி வருகிறது. பழந்துணிகளைச் செப்பம் செய்யும் பயிற்சிக்கென காரன் ஃபின்ச் 1975-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் நிறுவிய மையம், பின்னர் வின்செஸ்டருக்கு இடம் மாறி, அதை நடத்திய பல்கலைக்கழகத்தின் நிதி முடிவால் 2009-இல் மூடப்பட்டு, துறையினரின் விடாமுயற்சியால் 2010-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஒரே மையத்தை நம்பி ஒரு துறை நிற்பதன் அபாயத்தை அந்த ஓராண்டு உணர்த்தியிருக்க வேண்டும்.

உணர்த்தியதா என்பது ஐயமே. பிரிட்டனில் ஆடைக்கெனத் தனியே எழுந்த முன்னோடி இல்லங்கள் இரண்டும் அண்மைக்காலத்தில் கதவடைத்தன. மான்செஸ்டரின் பிளாட் ஹால் 2017-இல் ஆடைக் காட்சிக்கூடமாக இயங்குவதை நிறுத்தியது; பாத் அருங்காட்சியகம் 2022 அக்டோபரில் அசெம்பிளி ரூம்ஸை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் கொண்ட பாத் தொகுப்புக்கு நகரின் பழைய அஞ்சலகக் கட்டடம் புதிய இருப்பிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஆடைகள் சேமிப்பறைகளில் பத்திரமாக இருக்கின்றன, காப்பாட்சியர்கள் பணியைத் தொடர்கிறார்கள் என்ற ஆறுதல் போதாது. இவை பொதுமக்கள் நிதியாலும் குடும்பங்களின் கொடையாலும் சேர்ந்தவை, கொடுத்தவர்கள் பூட்டிய அறைக்காகக் கொடுக்கவில்லை. மக்கள் நேரில் காணும் இடம் ஒன்றை அவற்றுக்குத் தருவது அந்நகர மன்றங்கள் தீர்க்க வேண்டிய கடன்.